நம் வீட்டு அடுப்பு

ஒரு நாளைக்கு ஐந்து வேளை களி தின்கிற ஒன்பது வயதுப் பிள்ளையை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு வேளை ஊட்டுவதற்கே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் பொள்ளாச்சி சிறார் உணவுப் பொறுப்பு அலுவலகத்தில், மேனகா மேடத்தின் மேசைமேல் கிடந்த தாள் அப்படித்தான் சொன்னது. காலை ஏழு மணிக்குக் களி. பதினோரு மணிக்குக் களி. மதியம் ஒன்றரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும் ஆறு மணிக்கும் களி. எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சைப் புள்ளி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாசகம்: ‘நம் வீட்டு அடுப்பு.’

சம்யுக்தா தாளை மூன்று தடவை படித்தாள். மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னது.

“மேடம், நான் காலைல ஒரு வேளைதானுங்க களி கிண்டறேன். மத்தியானம் சோறும் கீரையும், ராத்திரிக்கு ரெண்டு தோசை. இதுல அந்தச் சோறு, தோசையெல்லாம்கூட இருக்குது. ஆனா நடுவுல இந்தக் களியெல்லாம் எங்கிருந்து வந்துச்சுங்க?”

“அதத்தாம்மா நானும் உங்களக் கேக்கறேன்.” மேனகா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கெட்டவரல்ல. ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு இருபது தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர். “பொட்டு பொய் சொல்லாது.”

பொட்டு என்றால் பல் பொட்டு. நொய்யரிசி அளவுதான் இருக்கும். சட்டம் வந்து நாலு வருஷமாகிறது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். வாய்க்குள் போவது எதுவாக இருந்தாலும் அது அம்மாவின் போனுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடும்.

“அது தராசுங்களா மேடம்? எப்படி அளக்குது?”

“தராசு இல்ல. ருசியும் வாசமும் பாக்கும். இது களி, இது பரோட்டான்னு கண்டுபிடிச்சிட்டா, அதுல இன்னது இன்னது இருக்கும்னு பட்டியலப் பாத்து எழுதிக்கும். கடைப் பண்டம்னா என்னைக்கும் ஒரே பதமா, சுத்தமா இருக்கும். வீட்டுச் சமையல்ல ஒரு பிசகு இருக்கும். கட்டி தட்டும், அடிபிடிக்கும். அந்தப் பிசக வெச்சுத்தான் வீடா கடையான்னு பிரிச்சு, வீடுன்னா பச்சைப் புள்ளி வெக்குது. ரெண்டு மாசம் தின்னு பழகிட்டா எந்த அடுப்புன்னே சொல்லிரும். நீங்க உங்க நாத்தனார் வீட்ல போய்க் களி திங்க வெச்சாக்கூட ‘வெளி வீடு’ன்னுதான் வரும். இதுல ஒரு வெளி வீடாவது இருக்கா, பாருங்க.”

இல்லை. எல்லாம் நம் வீட்டு அடுப்பு.

“கடைப் பண்டம் தின்னு எடை கூடுனா கடைக்காரன் பதில் சொல்லணும். வீட்டுச் சோறு தின்னு கூடுனா பெத்தவங்க பதில் சொல்லணும். சட்டம் அவ்வளவுதாம்மா. இது உங்களுக்கு மூணாவது நோட்டீஸ். வர்ற வியாழக்கிழமை கடைசி விசாரணை. அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா பாப்பாவ ஆறு மாசம் ஆனைமலை விடுதில சேக்கணும். மாசத்துல ஒரு நாள் போய்ப் பாத்துக்கலாம்.”

ஆறு மாதம். மகள் நறுமுகை இன்றைக்கும் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறவள். புடவை கட்டாத நாளில் துப்பட்டா.

படிவத்தில் ‘உணவுப் பொறுப்பாளர்’ என்ற கட்டத்துக்கு எதிரே சம்யுக்தாவின் கையெழுத்து இருந்தது. பொட்டு ஒட்டிய அன்றைக்கு, அப்பா அம்மா யாராவது ஒருவர் போடலாம் என்றுதான் சொன்னார்கள். “இது உன்ற டிபார்ட்மெண்டு” என்று சிரித்துக்கொண்டே பேனாவை அவள் பக்கம் தள்ளியவன் பிரணவ், அவள் புருஷன். ஊரில் எந்த அப்பன் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்? அவளும் சிரித்துக்கொண்டேதான் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நறுமுகையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். ஒரு காலத்தில் அந்தக் கன்னத்தைக் கிள்ளாத ஆள் தெருவில் கிடையாது. இப்போது மாடிப்படி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. பின்கழுத்தில் கருப்புப் பட்டை விழுந்திருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிட்டது, இந்த வயதில் இது ஆகாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அலுவலகம் கிடக்கட்டும், அந்தக் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் சம்யுக்தாவுக்கு டாக்டர் சொன்னதே ஞாபகம் வந்தது.

“கண்ணு, அம்மாவுக்குத் தெரியாம எங்கியாச்சும் சாப்பிடறயா?”

“இல்லம்மா.”

“பள்ளிக்கூடத்துல யாராச்சும் களி கொண்டாராங்களா?”

“களியா? அதை யாரு கொண்டாருவா?” நறுமுகை உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்தைப் பார்த்துத்தான் சம்யுக்தா நம்பிவிட்டாள்.

பிரணவ் வந்து தோளில் கை வைத்தான். “மிஷினுக்கு என்னமோ கோளாறா இருக்கும் சம்யு. நீ மனச உட்டுராத. நான் உன்ற பக்கம்தான்.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. பாவம், இறங்கியிருக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து களியை அரைக் கிண்ணமாக்கினாள். தாளில் ஐந்து வேளை ஐந்து வேளையாகவே இருந்தது.

சம்யுக்தாவின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உடுமலை ரோட்டில் குயிலாடி தின்பண்டக் கம்பெனி இருக்கிறதே, அதில் சுவை அறையில் வேலை. வெள்ளைக் கோட்டு, சின்னச் சின்னக் குப்பி. இந்தக் குப்பியில் நாலு சொட்டு, அந்தக் குப்பியில் ரெண்டு சொட்டு, அவல் உருண்டையில் இலந்தைப்பழம் மணக்கும். நாக்குக்கு ஒரு பரிசு உண்டென்றால் மாவட்டத்தில் அவளுக்குத்தான் கிடைக்கும். மிளகாயைக் கடித்து எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று சொல்லுவாள்.

போன சித்திரையில் மேலாளர் தனஞ்செயன் சுவை அறைக்கு வந்தார். “அங்கன்வாடிக் கொழந்தைங்களுக்கு ராகி பிஸ்கட் பண்றமுங்க. சத்து இருக்குது, ருசி இல்லைங்கறாங்க. வீட்டுல கிண்டுன களி மாதிரி இருந்தா திங்கும்ல? உங்க வீட்டுக் களி கொஞ்சம் கொண்டாங்க, பாக்கலாம்.”

நல்ல காரியம்தானே? சம்யுக்தா கொண்டுபோனாள். அவள் களிக்கு ஒரு பக்குவம் உண்டு. உலைத் தண்ணீரில் முருங்கைக்கீரைக் காம்பைத் துணியில் முடிந்து போட்டு, கொதி வந்ததும் எடுத்துவிடுவாள். அப்புறம் நொய், அப்புறம் மாவு. எட்டரைக்கு பஸ் என்பதால் கடைசிக் கிண்டலில் சடை பின்னப் போய்விடுவாள். திரும்பி வருவதற்குள் அடியில் லேசாகப் பிடித்திருக்கும். அதைத்தான் நறுமுகை சுரண்டிச் சுரண்டித் தின்னுவாள்.

“அடிபிடிச்சிருச்சுங்க சார், நாளைக்கு நல்லதாக் கொண்டாறேன்” என்று சம்யுக்தா கூச்சத்தோடு சொன்னபோது தனஞ்செயன் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு வாய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார்.

“இல்லைங்க. இதுதான் வேணும். அந்த அடிபிடிச்ச வாசத்தோடயே எனக்குக் குப்பில வேணும்.”

ஒன்றரை மாதம் பாடுபட்டுச் செய்தாள். சுவை எண் பதினேழு. பதிவுத் தாளில் உருவாக்கியவர் என்ற இடத்தில் அவள் பெயரையே போட்டார்கள். “கம்பெனி பேருதான் போடறது வழக்கம். உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்” என்றார் தனஞ்செயன். சம்யுக்தா அந்தத் தாளைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைப் படம் பிடித்து வேறு அனுப்பியவள் இவள் ஒருத்திதான்.

விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம். சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. நறுமுகையின் மழைக்கோட்டை எடுக்கலாம் என்று சம்யுக்தா பிரணவின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். மழைக்கோட்டுக்கு அடியில் பளபளவென்று நாலு பொட்டலங்கள். மூன்று காலி. ஒன்றில் பாதி மிச்சம். ‘மொறுமணி’ என்று எழுதி, ஒரு யானைக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

அப்படியே நின்று ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் மைதா. அப்புறம் எண்ணெய், சர்க்கரை, உப்பு, எல்லாம் அள்ளிக் கொட்டிய மாதிரி. கடித்து முடித்து விழுங்கப் போகும்போது பின்னாலிருந்து மெதுவாக வந்தது ராகி. நொய். முருங்கைக் காம்பு. கடைசியில், லேசாக அடிபிடித்த வாசம்.

அவளுடைய களி.

பொட்டலத்தைத் திருப்பினாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் குயிலாடிக் கம்பெனியின் முகவரி. அதற்கும் கீழே, சுவை எண் பதினேழு.

மழை அவள் தலைமேல் பெய்துகொண்டிருந்தது. பிரணவ் குடையோடு ஓடி வந்தவன், அவள் கையிலிருப்பதைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டான்.

“எத்தன நாளா மாமா?”

“சம்யு, உள்ள வா. நனையற.”

“எத்தன நாளான்னு கேட்டேன்.”

“பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து.” அவன் குரல் இறங்கியது. “கூட்டியாரப்ப ஒண்ணு, டியூசன் முடிஞ்சு வரப்ப ஒண்ணு. புள்ளை ஏங்கிப் போய்ப் பாக்குறா. பள்ளிக்கூட கேண்டீன்லயே இதத்தான் விக்கறாங்க, எல்லாக் கொழந்தைகளும் திங்குது, அங்க ரெண்டு வாங்கவும் காசு குடுத்துருவேன். பொட்டுல பச்சைதான வருது? பச்சை வந்தா நல்லதுதானன்னு நெனச்சேன்.”

“மூணு நோட்டீஸ் வந்துச்சே. அப்பவுமா வாயத் தொறக்கல?”

“நீ சத்தம் போடுவீன்னுதான்.”

கதவோரம் நறுமுகை நின்றிருந்தாள். “அப்பா சொல்ல வேண்டாம்னாரும்மா. சொன்னா இனிமே கெடையாதுன்னாரு. நீ களின்னுதான கேட்ட? நான் களி திங்கலியே.”

சம்யுக்தா திண்டாடிப் போனாள். குழந்தைமேல் கோபப்பட முடியவில்லை. படாமலும் இருக்க முடியவில்லை. வீட்டில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஆறு மாதமாக ஒரு கட்சி. அவள் மட்டும் அரைக் கிண்ணம், கால் கிண்ணம் என்று களியை அளந்துகொண்டு இன்னொரு கட்சி. கூட இருந்தே குழி பறித்துவிட்டார்களே என்று இருந்தது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

“நாளைக்கு மேடத்துகிட்ட இதச் சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

“சொல்றேன்” என்றான்.

விடிந்ததும் களி கிண்டினாள். சடை பின்னப் போகவில்லை, பக்கத்திலேயே நின்று வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டாள். அதை டப்பாவில் அடைத்து, பாதிப் பொட்டலம் மொறுமணியையும் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டையும் மேடத்தின் முன்னால் வைத்தால் தீர்ந்தது என்று அவளுக்குக் கணக்கு.

பிரணவும் நறுமுகையும் கூட வந்தார்கள். அலுவலகக் கூடத்தில் ஏழு தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் அதே மாதிரித் தாள். பக்கத்து நாற்காலிக்காரி அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தாள். பெயர் பர்ஹானா, கிணத்துக்கடவுப் பக்கம்.

“என்ன சொல்றதுன்னே தெரியலக்கா” என்றாள் சம்யுக்தாவிடம். “எம்மக பாத்திமாவுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ களி ஊட்டுறேனாம். எங்க வீட்டுல களியே கிண்டுனதில்ல. நோன்புக் கஞ்சின்னா காய்ச்சுவோம். எங்க மாமியா என்னைத்தான் சந்தேகப்படுறாங்க, திருட்டுத்தனமா ஊட்டுறேன்னு.”

சம்யுக்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ராகி. நொய். முருங்கைக் காம்பு. அடிபிடித்தல், லேசாக. நம் வீட்டு அடுப்பு.

எழுந்து அடுத்தவளின் தாளை வாங்கினாள். அதற்கடுத்தவள். ஏழு தாளிலும் அவள் வீட்டுக் களி. ஒரு தாளை இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்கிற வேலையை அந்த அலுவலகத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. தனஞ்செயன் கண்ணை மூடி ருசித்தது எதற்கென்று அப்போதுதான் முழுசாக விளங்கியது. மொறுமணி தின்று எந்தப் பிள்ளைக்கு எடை கூடினாலும் பழி கடைக்குப் போகாது. அடுப்புக்குத்தான் போகும். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் போகும்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மேனகா மேடம் கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“உங்க வீட்டுக்காரர் திங்கக்கெழமையே எழுதிக் குடுத்துட்டாரு. ‘என் மனைவி பாசத்தின் மிகுதியால் அளவுக்கு மீறி ஊட்டுகிறார். பலமுறை கண்டித்தும் கேட்கவில்லை.’” மேடம் பிரணவ் பக்கம் திரும்பினார். “இது உங்க கையெழுத்துதானுங்களே?”

பிரணவ் தலையை ஆட்டினான். சம்யுக்தா அவன் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “ரெண்டு பேரும் மாட்டுனா புள்ளை விடுதிக்குத்தான் போவா. நீ மட்டும்னா எங்கிட்ட உடுவாங்க. வக்கீல் அப்படித்தான் சொன்னாரு.”

திங்கட்கிழமை. நான் உன் பக்கம்தான் என்று சொன்னதற்கு மூன்றாம் நாள். சம்யுக்தாவுக்கு அழுகை வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்றுதான் வெளியே வந்தது.

“மேடம், வெளிய இருக்கறவங்களையும் உள்ள வரச் சொல்லுங்க. போனோட வரச் சொல்லுங்க.”

என்ன தோன்றியதோ, மேடம் மறுக்கவில்லை. ஏழு தாய்மார்களும் பிள்ளைகளும் வந்து அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். சம்யுக்தா டப்பாவைத் திறந்து, உருட்டி உருட்டி, ஒவ்வொரு பிள்ளை வாயிலும் ஒரு சிறு உருண்டை வைத்தாள். பாத்திமாதான் முதலில். முன்பின் பார்த்திராத சம்யுக்தாவின் கையை, பழகிய கை போல எண்ணி, பிள்ளை வாயைத் திறந்தது.

“மொறுமணி மாதிரியே இருக்குதும்மா” என்றது மென்றுகொண்டே.

பர்ஹானாவின் போன் ஒலித்தது. அதற்குப் பின்னால் ஒன்று, இன்னொன்று, ஏழும் ஒலித்தன. ஏழிலும் பச்சைப் புள்ளி. ஏழிலும் ஒரே வாசகம்.

நம் வீட்டு அடுப்பு.

மேனகா மேடம் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தார். ‘வெளி வீடு’ என்று ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினார். அப்புறம் மொறுமணிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இது யாரோட களிம்மா?”

மறைத்திருக்கலாம். கம்பெனி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பதிவுத் தாளில் பெயர் இருக்கிறது, படம் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் இருக்கிறது. அதைவிட, அந்தப் பாத்திமா இன்னும் மென்றுகொண்டிருந்தது. அதன் பின்கழுத்திலும் அதே கருப்புப் பட்டை.

“என்றதுங்க மேடம். கம்பெனிக்கு நாந்தான் செஞ்சு குடுத்தேன். பிஸ்கட்டுக்குன்னு சொன்னாங்க. ஆனா செஞ்சது நாந்தானுங்க.”

பர்ஹானா தன் மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“அப்ப எம்புள்ளைக்கு இத்தன நாளா ஊட்டுனது நீங்கதானாக்கா?”

ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வைதான். முந்தின நாள் மழையில் நின்றுகொண்டு அவள் பிரணவைப் பார்த்தது அப்படித்தான்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஏழு பேரின் நோட்டீஸையும் மேடம் நிறுத்திவைத்தார். கம்பெனிக்கு ஆள் அனுப்பச் சொல்லி எங்கோ போன் செய்தார். கடைசியில் சம்யுக்தாவிடம் வந்து, சொல்லத் தயங்கிச் சொன்னார்.

“பாப்பா விடுதிக்குப் போக வேண்டியதில்ல. அப்பா கூட்டிட்டுப் போகலாம். பொட்ட ஏமாத்துன சுவைக்கு உங்க பேரு இருக்குது. அதனால விசாரணைக்கு நீங்க இங்கயே இருக்கணும். எத்தன நாள்னு எனக்கும் தெரியலம்மா.”

ஆக, வக்கீல் சொன்னதுதான் நடந்தது. பிள்ளை பிரணவிடம்தான் போகிறாள்.

வாசல்வரை விட்டார்கள். பிரணவ் ஸ்கூட்டரை எடுத்து வந்து நிறுத்தினான். நறுமுகை அம்மாவின் துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்குக் காலைல களி யாரும்மா கிண்டுவா?”

“அப்பா கிண்டுவாரு கண்ணு.”

பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, சம்யுக்தா புருஷனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“அரைக் கிண்ணம் போதும். பக்கத்துலயே நில்லுங்க. அடிபிடிக்க உட்டுராதீங்க.”